விக்ராந்திலிருந்து சைசிங் மில் வரை: ஒரு கப்பல்காரரின் அன்றும் இன்றும்

2016ஆம் வருடம். நான் வேலை பார்க்கும் சைசிங் மில் வாசலில், பாவு சுமக்கும் தம்பி ஒருவன் புது பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினான். பஜாஜ் வி15. "அண்ணாச்சி, இது உங்க கப்பல் இரும்புல செஞ்சதாம்லா. தொட்டுப் பாருங்க" என்றான். பெட்ரோல் டேங்க் மேல் கையை வைத்தேன். சங்கரன்கோவில் வெயிலுக்கு அது நன்றாகச் சுட்டது. கையை எடுக்க மனசு வரவில்லை.

ஐ.என்.எஸ். விக்ராந்த், இந்தியாவின் முதல் விமானந்தாங்கிக் கப்பல். 1961 மார்ச் 4 அன்று கடற்படையில் சேர்ந்தது. 1971 போரில் வங்கக் கடலில் நின்று சண்டை போட்டது. 1997 ஜனவரி 31 அன்று ஓய்வு பெற்றது. சில வருடங்கள் மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது; 2014இல் உடைத்தார்கள். அப்படிக் கிடைத்த இரும்பில் கொஞ்சம் அந்த பைக்கில் இருந்தது. அந்தக் கப்பலின் கொதிகலன் அறையில் நான் நெருப்புப் பார்த்தவன். கப்பல் ஓய்வு பெற்ற மறு வருடம் நானும் ஓய்வு பெற்று ஊர் திரும்பினேன். அப்போது எனக்கு வயது 33.

33 வயதில் ஓய்வு என்றால், வாழ்க்கையில் பாதிக்கு மேல் மிச்சம் கிடக்கிறது என்று அர்த்தம். அந்த மிச்சத்தை எப்படி வாழ்வது என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லித் தரவில்லை. இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகள், நான்கு வருட அக்னிவீர் சேவை முடிந்து, 21, 22 வயதிலேயே அந்த இடத்தில் வந்து நிற்கப் போகிறார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கடல் இல்லாத ஊரிலிருந்து

எங்கள் ஊரில் கடல் கிடையாது. கரிசல் காடு, தறிச் சத்தம், சங்கரநாராயணர் கோயில், கோமதி அம்மனின் ஆடித்தபசுத் திருவிழா, இவைதான் சங்கரன்கோவில். கடலைப் பார்க்க வேண்டுமானால் தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ பஸ் ஏற வேண்டும். என் அப்பா கைத்தறி நெய்தவர். ஊரில் விசைத்தறி பெருகிய காலத்தில் அவர் குழித்தறியை விட்டு எழுந்தார். வீட்டில் ஒரு பிள்ளைக்காவது அரசாங்கச் சம்பளம் வர வேண்டும் என்பது அவர் ஆசை.

ஆனாலும் இந்தச் சீமைக்கும் கப்பலுக்கும் பழைய சொந்தம் உண்டு. 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி. எங்கள் பக்கத்து ஓட்டப்பிடாரத்துக்காரர். 1971 போரில் விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர். விக்ராந்தை வேட்டையாட வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸியை, கப்பல் இல்லாத இடத்தில் இருப்பதாக நம்பவைத்து விசாகப்பட்டினம் பக்கம் இழுத்தவர் அவர்தான். இன்று விஜயநாராயணத்தில், பனையும் உடைமரமும் நிற்கும் காட்டு நடுவே, ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் இருக்கிறது. 1990 அக்டோபரில் தொடங்கியது. கடலுக்கு அடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு அங்கிருந்துதான் செய்தி போகிறது.

நான் சேர்ந்தது 1983. பத்தாம் வகுப்பு முடித்திருந்தேன். தகரப் பெட்டி, ஒரு போர்வை, அம்மா மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்த கோயில் புற்றுமண். சங்கரன்கோவில் ஸ்டேஷனில் கொல்லம் மெயில் ஏறினேன். அப்போது மீட்டர் கேஜ். விடிந்தால் எழும்பூர். அங்கிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரல் போய் ஹவுரா ரயிலில் ஏற வேண்டும். ஒரிசாவில் சிலிக்கா ஏரிக்கரையில் பயிற்சி நிலையம். ஐ.என்.எஸ். சிலிக்கா என்று அதன் பெயர். தொடங்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. நிலத்தில் இருக்கும் நிலையத்துக்கும் கப்பல் பெயர் வைப்பது கடற்படை வழக்கம் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நீச்சலும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஊர்க் கிணற்றில் குதித்துப் பழகியதை அங்கே நீச்சல் என்று ஒத்துக்கொள்ளவில்லை.

இன்று பிள்ளைகள் கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் போடுகிறார்கள், கணினியில் தேர்வு எழுதுகிறார்கள். அதிகாலையில் பயிற்சி அகாடமிக்காரர்கள் விசில் ஊத, பிள்ளைகள் ரோட்டோரம் ஓடுவதைப் பார்க்கிறேன். அந்த ரயில் பாதை 2004இல் அகலப் பாதையாகிவிட்டது. பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் சென்னை. அன்று எங்கள் தெருவில் கடற்படை என்றால் என்னவென்று கேட்பார்கள். இன்று அதற்குச் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார்கள்.

உப்புதான் எதிரி

சிலிக்காவுக்குப் பின் லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜி. கப்பல் எந்திரம் படிக்கும் இடம். பிறகு விக்ராந்த்.

அந்தக் கப்பலுக்கு நான்கு கொதிகலன்கள். எண்ணெயை எரித்து நீராவி எழுப்பி, அந்த நீராவியில் டர்பைனைச் சுற்றவைத்து, 40,000 குதிரைசக்தியில் ஏறத்தாழ இருநூறு மீட்டர் நீளக் கப்பலைத் தள்ளுவோம். மேலே தளத்தில் விமானம் பறப்பதை ஊரே படமாகப் பார்க்கும். அதற்குப் பல அடுக்குக் கீழே, தண்ணீர் மட்டத்துக்கும் கீழே, நாங்கள் நிற்போம். நான்கு மணி நேரம் ஒரு வாட்ச். பனியன் நனைந்து, காய்ந்து, உப்புப் பூத்துவிடும். பகலா இரவா என்பது கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

கொதிகலன் வேலையில் முதல் பாடம் கண்ணாடிக் குழாய். கேஜ் கிளாஸ் என்போம். உள்ளே தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அது காட்டும். மட்டம் இறங்கினால் குழாய்கள் வெந்துபோகும். ஏறினால் தண்ணீர் டர்பைனுக்குள் பாயும். கண் அதைவிட்டு அகலக் கூடாது.

இரண்டாம் பாடம் உப்பு. சுற்றிலும் கடல். ஆனால் ஒரு சொட்டுக் கடல்நீர்கூடக் கொதிகலனுக்குள் போகக் கூடாது. போனால் குழாய் அரிக்கும், ஓடு கட்டும், ஒருநாள் வெடிக்கும். அதனால் கடல்நீரைக் காய்ச்சி வடித்து, அந்த நீரைத்தான் ஊற்றுவோம். மணிக்கொரு தரம் கொஞ்சம் நீரைச் சோதனைக் குழாயில் பிடித்து, வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விடுவோம். தெளிவாக இருந்தால் நிம்மதி. பால் மாதிரி கலங்கினால் எங்கோ உப்பு ஏறிவிட்டது. உடனே தேட வேண்டும். அந்த ஒரு சொட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற பதினெட்டு, இருபது வயதுப் பையன்களின் கையில்தான் ஆயிரம் பேருக்கு மேல் இருந்த கப்பல் ஓடியது.

இன்றைய புது விக்ராந்தில் கொதிகலனே கிடையாது. கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் நம் நாட்டிலேயே கட்டி, 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்த்த கப்பல் அது. நீளம் 262 மீட்டர். நான்கு கேஸ் டர்பைன்கள். பெரும்பாலான எந்திரங்களைக் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து இயக்குகிறார்கள். பெண்களுக்கும் தனித் தங்குமிடம் உண்டு. எங்கள் காலத்தில் கப்பலில் பெண் மாலுமி என்பதை நினைத்துப் பார்த்ததில்லை. 2023 மார்ச்சில் அதே சிலிக்காவில் பயிற்சி முடித்த முதல் அக்னிவீர் அணியில் 270க்கும் மேற்பட்ட பெண்கள் நடந்தார்கள். அந்த அணிவகுப்பை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, என் பேத்தி வயதுப் பிள்ளைகளும் அந்த மைதானத்தில் நடக்க வழி திறந்துவிட்டது என்று மனம் நிறைந்தது.

கடிதமும் தந்தியும்

அன்று எனக்கு வீட்டுச் செய்தி என்பது நீலநிற இன்லண்ட் லெட்டர்தான். பம்பாய் ஃப்ளீட் மெயில் ஆபீஸ் என்று முகவரி எழுதினால், கப்பல் எங்கே நின்றாலும் தேடி வரும். ஆனால் நாள் கணக்கு கிடையாது. ஆடி பிறந்தால் அம்மா கேட்டு எழுதச் சொல்வாள்: "தபசுக்கு வருவியா ராசா?" அந்தக் கடிதம் என் கைக்கு வரும்போது தபசு முடிந்து, கோயில் வாசல் பந்தலையும் பிரித்திருப்பார்கள். பதினைந்து வருடத்தில் நான் தபசு பார்த்தது மூன்று தடவை.

மாதாமாதம் மணியார்டர் அனுப்புவேன். தபால்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, அடியில் நான் எழுதிய இரண்டு வரியையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாராம். பணத்தைவிட அந்த இரண்டு வரிக்காகத்தான் அவள் திண்ணையில் காத்திருந்தாள் என்று பிறகு தங்கச்சி சொன்னாள்.

தந்தி வந்தால் கை நடுங்கும். அப்பா இறந்த தந்தி எனக்கு வந்தபோது கப்பல் நடுக்கடலில் இருந்தது. கரை சேர்ந்து, ரயில் பிடித்து, ஊர் வந்தபோது பதினோராம் நாள். அவர் உட்கார்ந்து நெய்த குழியில் மண் நிரவியிருந்தார்கள். கடலில் வேலை பார்த்தவன் ஒவ்வொருவனுக்கும் இப்படி ஒரு நாள் இருக்கும்.

2013 ஜூலையோடு தந்தி சேவையே முடிந்துவிட்டது. இப்போது துறைமுகம் தொட்டதும் பையன்கள் வீடியோ காலில் வருகிறார்கள். "சாப்பிட்டியா மக்கா" என்று அம்மா கேட்க, முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். கப்பல் கடலில் இருக்கும்போது இன்றும் போன் எடுக்காது. ரகசியம் காக்க வேண்டிய நாட்களும் உண்டு. ஆனாலும் பதினோராம் நாள் வந்து சேரும் அவலம் பெரிதும் குறைந்துவிட்டது. இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

நான் இல்லாமல் பழகிய வீடு

1998இல் பெட்டி ஆபீசராக ஓய்வு பெற்று வந்தேன். ரேங்கின் பெயர் ஊரில் யாருக்கும் பிடிபடவில்லை. "மிலிட்டரிக்காரர்" என்றார்கள், தெருப் பிள்ளைகள் "கப்பல்காரர்" என்றார்கள்.

முதல் மாதம் எல்லாம் திருவிழா. இரண்டாம் மாதம் ஒன்று புரிந்தது. என் வீடு நான் இல்லாமல் வாழப் பழகியிருந்தது. ரேஷன் கார்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம், கோயில் வரி, சொந்தக்காரர் செய்முறை எல்லாவற்றையும் என் மனைவிதான் பார்த்துவந்தாள். நான் வந்து, கப்பல் ஒழுங்கில் ஐந்தரை மணிக்கு எல்லோரையும் எழுப்பி, பாய் மடிப்பதற்கு முறை சொன்னேன். மகன் என்னைப் பார்த்து அவன் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டான்: "அப்பா எப்போ திரும்பப் போவாங்க?" விடுமுறையில் வரும் மனிதராகவே அவன் என்னை அறிந்திருந்தான். அன்றைக்கு மொட்டைமாடியில் போய் வெகுநேரம் நின்றேன். மறுநாளிலிருந்து வீட்டில் உத்தரவு போடுவதை விட்டேன். கடைக்குப் போகப் பை எடுத்தேன். அவர்களோடு சேர்ந்து வாழ எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

வேலை அதைவிடக் கடினம். முன்னாள் படைவீரர்களுக்கு மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீதமும், பொதுத்துறை வங்கிகளில் குரூப் சி பணிகளில் 14.5 சதவீதமும் ஒதுக்கீடு உண்டு. மெட்ரிக் படித்துப் பதினைந்து வருடம் சேவை செய்தவரை, சில பணிகளுக்குப் பட்டதாரிக்குச் சமமாக எடுத்துக்கொள்ளும் விதியும் உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரிந்தபோது வயதும் தேர்வுத் தேதிகளும் கடந்திருந்தன. விவரம் கேட்க வேண்டுமானால் அன்று பாளையங்கோட்டை அலுவலகத்துக்குப் போக வேண்டும். அரை நாள் போய்விடும்.

ஒரு ஆலையில் கொதிகலன் ஆள் தேவை என்று கேட்டுப் போனேன். என் சேவைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாய்லர் சர்டிபிகேட் இருக்கா?" என்றார்கள். அன்று நடப்பில் இருந்த 1923ஆம் வருடச் சட்டப்படி, கொதிகலனைப் பார்க்கிறவர் தேர்வு எழுதித் தகுதிச் சான்று வாங்கியிருக்க வேண்டும். கேட்டதில் தப்பில்லை. போர்க்கப்பல் கொதிகலனைப் பார்த்த பதினைந்து வருடத்தில், அந்தச் சான்றை வாங்கி வைத்துக்கொள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "வாட்ச்மேன் வேலை இருக்கு, மிலிட்டரி ஆள்தான் வேணும்" என்றார்கள். நாற்காலியும் விசிலும் கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் ஒரு கிடங்கு வாசலில் உட்கார்ந்தேன். காவல் வேலை நேர்மையான வேலை. பல படைவீரர் குடும்பங்கள் அதில் சாப்பிடுகின்றன. என் மனசு வலித்தது வேறு காரணத்தால். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கொதிகலன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் மூச்சில் கோளாறு இருப்பது என் காதுக்குத் தெரிந்தது. என்னைக் கேட்பார் இல்லை.

கரிசலில் அதே உப்பு

படித்துத் தேர்வு எழுதிச் சான்று வாங்கினேன். பிறகு இந்த சைசிங் மில்லில் சேர்ந்தேன். விசைத்தறிக்குப் போகும் பாவு நூலுக்குப் பசை ஏற்றும் இடம் இது. கஞ்சியைக் காய்ச்சவும், நனைந்த நூலை உருளைகளில் ஓடவிட்டு உலர்த்தவும் நீராவி வேண்டும். இங்கே எண்ணெய் இல்லை. கரிசல் காட்டில் வெட்டிவரும் சீமைக்கருவேல விறகு. விக்ராந்தின் அழுத்தத்துக்குப் பக்கத்தில்கூட இது வராது. ஆனாலும் அதே கண்ணாடிக் குழாய். அதே தண்ணீர் மட்டம்.

சேர்ந்த முதல் வாரம் தண்ணீரைச் சோதித்தேன். எங்கள் ஊர் போர்த் தண்ணீர் குடித்தாலே தெரியும், உப்பும் சுண்ணாம்பும். கொதிகலனைத் திறந்து காட்டினேன். குழாய்க்குள் விரல் தடிப்புக்கு ஓடு கட்டியிருந்தது. ஓடு ஏற ஏற விறகு அதிகம் தின்னும், குழாய் சீக்கிரம் போகும். தண்ணீரை மென்மையாக்கும் கருவி வைக்கச் சொன்னேன். முதலாளி யோசித்தார், பிறகு வைத்தார். சில மாதத்தில் விறகுச் செலவு இறங்கியதைக் கணக்குப்பிள்ளையே வந்து சொன்னார். அன்றிலிருந்து மில்லில் நான் மிலிட்டரிக்காரர் இல்லை, "பாய்லர் அண்ணாச்சி". எனக்குக் கிடைத்த பட்டங்களில் இதுதான் பெரிது. கடலில் கற்ற வித்தை கரிசலில் சோறு போட்டது; கூடவே மரியாதையும் வந்தது.

பென்ஷன் விஷயத்தில் அன்றைக்கும் இன்றைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அன்று ஓய்வு பெற்ற தேதியைப் பொறுத்து, ஒரே ரேங்க், ஒரே சேவை இருந்தும் பென்ஷன் வேறுபடும். 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' 2014 ஜூலை 1 முதல் என்று முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தது; அதற்காக முன்னாள் படைவீரர்கள் டெல்லி வெயிலில் மாதக்கணக்காக உட்கார வேண்டியிருந்தது. 2003இல் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் தொடங்கியது. என் மனைவிக்குக் கண் அறுவை சிகிச்சை அதில்தான் நடந்தது. நவம்பர் பிறந்தால் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வங்கி வரிசையில் நிற்போம். இன்று பேரன் என் முகத்தைப் போனில் காட்டி, திண்ணையிலேயே வேலையை முடிக்கிறான்.

நான்கு வருடம்

போன மாதம் பக்கத்துத் தெரு தங்கச்சி தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "அண்ணாச்சி, இவன் அக்னிவீருக்கு எழுதப் போறேங்கான். அனுப்பலாமா?"

2022 ஜூனில் அறிவித்த திட்டம் அது. நான்கு வருடச் சேவை. முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய், நான்காம் வருடம் 40,000. அதில் முப்பது சதவீதத்தைப் பிடித்து, அரசும் அதே அளவு போட்டு, முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் கொடுக்கிறார்கள். நூற்றில் 25 பேர் வரை நிரந்தரமாகத் தொடரலாம். மற்றவர்களுக்கு பென்ஷன் இல்லை. 2022 கடைசியில் சேர்ந்த முதல் கடற்படை அணிக்கு நான்கு வருடம் 2026 கடைசியில் நிறைகிறது.

எனக்கு 33 வயதில் வந்த கேள்வி இவர்களுக்கு 22 வயதில் வருகிறது. கையில் பென்ஷன் இல்லாமல் வருகிறது. அதை நினைத்தால் எனக்குக் கவலைதான். இன்னொரு பக்கம், 22 வயது புதிதாகத் தொடங்குவதற்கு நல்ல வயது. பயிற்சியையே பாதிப் பாடமாகக் கணக்கில் எடுத்து, இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பட்டம் தர வழி செய்திருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024 சுதந்திர தினத்தில் அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில், முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடனும் அதில் 30 சதவீத மானியமும் உண்டு; அது அக்னிவீருக்கும் பொருந்துமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு இருந்ததைவிட வாசல்கள் அதிகம். இது புது யோசனை இல்லை: அமெரிக்காவில் 1944இலேயே, போருக்குப் போய் வந்தவரைக் கல்லூரிக்கு அனுப்பச் சட்டம் போட்டார்கள். அந்தத் தலைமுறை அவர்கள் நாட்டுத் தொழிலுக்குப் பெரிய பலமானது.

அட்மிரல் கிருஷ்ணனை இங்கே நினைக்கிறேன். ஓய்வுக்குப் பின் அவர் கொச்சி கப்பல் கட்டும் தளத்துக்குத் தலைமை ஏற்றார். கடலில் கற்றது கரையில் வீண்போகவில்லை. அதே தளத்தில்தான் பிற்காலத்தில் புது விக்ராந்த் பிறந்தது. ஒரு அட்மிரலின் அறிவை நாடு அப்படி எடுத்துக்கொண்டது. கொதிகலன் அறையில் நின்ற பையனின் அறிவையும் ஊர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல்.

அந்தத் தங்கச்சி மகனிடம் சொன்னதையே எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். போ, தைரியமாகப் போ. கடல் உன்னை மனிதனாக்கும். ஆனால் முதல் மாதத்திலிருந்தே, நீ படிக்கும் ஒவ்வொரு பயிற்சிக்கும் எழுத்தில் சான்று வாங்கு. டீசலோ மின்சாரமோ சமையலோ கணக்கோ, நீ செய்யும் வேலைக்கு வெளியே என்ன உரிமம் கேட்பார்கள் என்று சேவையில் இருக்கும்போதே விசாரி. வருகிற பணத்தில் பைக் வாங்காதே, தொழில் வாங்கு.

மில், ஆலை, மருத்துவமனை, பள்ளிக்கூடம் நடத்தும் எங்கள் ஊர் முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. படையிலிருந்து திரும்பி வரும் பிள்ளை வாசலில் வந்து நின்றால், விசிலை நீட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "அங்கே என்ன வேலை பார்த்தாய் தம்பி?" அவன் சொல்லும் பதிலுக்கு உங்கள் ஆலைக்குள்ளேயே ஒரு வேலை இருக்கும்.